நாற்பது பிள்ளைக்கும் ஒரே அளவுச் சட்டையா?

தலைப்பு: பலதரப்பட்ட பிள்ளைகள் படிக்கும் வகுப்பறையில் ஆர்வத்தை வளர்ப்பது எல்லோருக்கும் பொதுவான கண்டிப்பா? ஆளுக்கேற்ற அணுகுமுறையா?
இடம்: கீழ்பென்னாத்தூர்
'ஆளுக்கேற்ற அணுகுமுறையே' என்ற அணியில் பேசியது

நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னை ஹோம்ஒர்க் எழுதாத பையனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி அன்பர்களே! எனக்கு முன்னால் பேசிய எங்கள் அணித் தங்கையே! கீழ்பென்னாத்தூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே! முன்னால் சமுக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு, பேசுகிற எங்களைப் பார்க்காமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைச் செல்வங்களே! (சிரிப்பு)

நடுவர் ஐயா, எதிரணி அண்ணன் நன்றாகப் பேசினார். 'வகுப்பு என்பது ஓடுகிற பஸ். ஒருத்தன் ஏறவில்லை என்பதற்காக பஸ் நிற்குமா? ஒரே மணி, ஒரே பாடம், ஒரே சட்டம் என்று இருந்தால்தான் பிள்ளைகள் உருப்படும்' என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அண்ணே, நீங்க இன்றைக்கு எதில் வந்தீங்க? திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற பஸ்ஸில் ஏறித்தானே கீழ்பென்னாத்தூரில் இறங்கினீங்க? அந்த பஸ் எங்கேயும் நிற்காமல் சரியான நேரத்துக்குச் செஞ்சி போய்ச் சேர்ந்திருந்தால், நீங்க இந்த மேடையில் இருப்பீங்களா? (சிரிப்பு, கைதட்டல்) பஸ் ஓடுவது நேரத்துக்குப் போய்ச் சேருவதற்காக மட்டும் இல்லை ஐயா, ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக. 'போர்ஷனை முடித்துவிட்டேன் சார்' என்று மார்ச் மாதத்தில் ஒரு ஆசிரியர் சொன்னால் நான் கேட்பது ஒரே கேள்விதான். பஸ் போய்ச் சேர்ந்தது, சரி. உள்ளே ஆள் இருந்தார்களா? (பலத்த கைதட்டல்)

ஐயா, வகுப்பறை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த நாலு சுவருக்குள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

முதல் வரிசையில் ஒரு பெண் குழந்தை. அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. இது பாட்டி வீட்டில் வளர்கிறது. தம்பிக்குச் சோறு ஊட்டி, அவனை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருவதால் தினமும் கால் மணி நேரம் லேட். பக்கத்தில் ஒரு பையன். நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை. அவன் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. நாம் 'அ... அம்மா' என்று ஆரம்பிக்கிற தமிழே அவனுக்கு இரண்டாவது மொழி. மூன்றாவதாக ஒருத்தன் கரும்பலகையைப் பார்த்துத் தப்பு தப்பாக எழுதுகிறான். 'கவனம் இல்லை'ன்னு அவனைப் பற்றிச் சொல்கிறார்கள். கவனம் இருக்கிறது ஐயா, கண் தெரியவில்லை. அவனுக்கு வேண்டியது அடி இல்லை, கண்ணாடி. நாலாவது பிள்ளை வாயால் கேட்டால் பதில் சொல்லும், படிக்கச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறி நிற்கும். டிஸ்லெக்சியா என்று அதற்குப் பெயர் இருக்கிறது. பெயர் தெரியாதவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மக்கு'.

ஐந்தாவதாக ஒருத்தன் இருக்கிறான். அவனைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அவன் கெட்டிக்காரன். வாத்தியார் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். மீதி அரை மணி நேரம் அவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் என்ன செய்வான்? முன்னால் இருக்கிற பிள்ளையின் சடையைப் பிடித்து இழுப்பான். (சிரிப்பு) தேவை என்பது தங்கிப்போகிற பிள்ளைக்கு மட்டும் இல்லை. முந்திப்போகிற பிள்ளைக்கும் தேவை உண்டு.

இந்த ஐந்து பேருக்கும் ஒரே கண்டிப்பு என்றால் என்ன அர்த்தம்? தையல்காரர் ஒருத்தர் நாற்பது பிள்ளைக்கும் ஒரே அளவில் சட்டை தைத்து வைத்துக்கொண்டு, 'சட்டை சரியாகத்தான் இருக்கிறது, பிள்ளைதான் சரியில்லை' என்று சொன்ன கதை. (கைதட்டல்)

எதிரணித் தோழி எழுந்து, 'நம்ம பெரியவங்களே மாணவர்களைத் தரம் பிரிச்சு வெச்சிருக்காங்க'ன்னு நன்னூலைக் காட்டினாங்க. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டையொட்டி, சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள எழுதிய இலக்கணம். அதில் மாணவர்களுக்கு உவமை சொல்கிறார். பாலையும் நீரையும் பிரிக்கிற அன்னம், வயிறார மேய்ந்துவிட்டு வந்து உட்கார்ந்து அசைபோடுகிற பசு, இந்த இரண்டும் முதல் தரம். போட்ட உழைப்புக்குத் தக்கபடி விளைகிற மண், சொன்னதைச் சொல்லும் கிளி, இவை நடுத்தரம். ஓட்டைக் குடம், செடிக்குச் செடி ஒரு கடி கடித்துவிட்டு ஓடும் ஆடு, குடிக்கிற குளத்தையே கலக்கும் எருமை, நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிற நெய்யரி, இவை கடைசித் தரம். தோழி இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாங்க.

அம்மா, நீங்க புத்தகத்தை நடுவில் திறந்துட்டீங்க! (சிரிப்பு) பவணந்தியார் மாணவனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே ஆசிரியரைப் பற்றிப் பேசிவிட்டார். ஆசிரியர் ஆவதற்குத் தகுதி இல்லாதவர்களுக்கும் நாலு உவமை கொடுக்கிறார். கழற்சிக்காய் போட்ட குடம்: போட்ட வரிசையில் வராது, எது முதலில் வரும் என்று யாருக்கும் தெரியாது. மட்டையோடு நிற்கிற பனைமரம்: கிட்டே யாரையும் விடாது, தானாக விழுந்தால்தான் பழம். பஞ்சு அடைத்த குண்டிகை: வாய் குறுகல், இழுத்து இழுத்துப் பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கடைசியாக, வளைந்த தென்னை: தண்ணீர் ஊற்றுகிறவன் இங்கே இருப்பான், காய் விழுவது பக்கத்து வீட்டில். (சிரிப்பு, கைதட்டல்)

அதோடும் விடவில்லை. பாடம் சொல்லுகிற முறை என்று ஒரு பகுதி வைக்கிறார். இடம் பார், காலம் பார், சொல்லப்போவதை முதலில் உன் மனதில் ஒழுங்கு பண்ணிக்கொள், கோபப்படாமல் விருப்பத்தோடு சொல், கேட்பவன் எந்த வகையில் வாங்கிக்கொள்வான் என்று தெரிந்துகொண்டு அவன் மனம் ஏற்கும்படி சொல் என்கிறார். கேட்பவன் வாங்கிக்கொள்கிற வகை! இன்றைக்கு நாம் விவாதிக்கும் தலைப்புக்குப் பவணந்தியார் எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார் நடுவர் அவர்களே. நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். (பலத்த கைதட்டல்)

'சரி, வாங்கிக்கொள்கிற வகை என்று ஒன்று உண்மையிலே இருக்கிறதா, இல்லை படிக்காத பிள்ளைக்குச் சொல்கிற சமாதானமா?' என்று எதிரணி கேட்கலாம். பிரேசில் நாட்டுக்குப் போவோம். பயப்படாதீங்க, டிக்கெட் வேண்டாம். அங்கே ரெசிஃபி என்று ஒரு ஊர். தெருவில் இளநீரும் பழமும் விற்கிற ஏழைப் பிள்ளைகள். ஆய்வாளர்கள் மூன்று பேர் வாடிக்கையாளர் மாதிரி போய், 'இது ஒன்று இவ்வளவு என்றால் பத்து எவ்வளவு? இத்தனை கொடுத்தால் மீதி எவ்வளவு?' என்று கேட்டார்கள். பிள்ளைகள் டக் டக்கென்று சொன்னார்கள். நூற்றுக்கு 98 விடை சரி. பிறகு அதே பிள்ளைகளை உட்காரவைத்து, அதே மாதிரிக் கணக்கைப் பேப்பரில் வெறும் எண்களாகக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 37 தான் சரி! 1985-ல் வெளியான ஆய்வு இது.

அதே பிள்ளை, அதே மூளை, அதே கணக்கு. மாறியது எது? கேட்ட விதம். சந்தைநாளில் அம்மாவோடு காய்கறிக் கடையில் உட்கார்ந்து சில்லறை தவறாமல் கொடுக்கிற பிள்ளை நம்ம ஊரிலும் இருக்கிறதா இல்லையா? (ஆமாம் என்று குரல்கள்) அது திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கழித்தல் கணக்கில் முட்டை வாங்குகிறது. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்பதா? கடைக்கும் கரும்பலகைக்கும் நடுவில் நாம் பாலம் போடவில்லை என்பதா?

'இதெல்லாம் மேடையில் பேச நன்றாக இருக்கும். நாற்பது பேருக்கு நாற்பது பாடம் நடத்த முடியுமா?' என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்காரமாட்டேன்.

நீங்கள் எல்லோரும் கிரிவலம் போகிறவர்கள். 14 கிலோமீட்டர். பௌர்ணமியன்று லட்சக்கணக்கில் ஜனம் நடக்கிறது. காலேஜ் பையன் மூன்று மணி நேரத்தில் சுற்றிவிடுகிறான். முட்டி வலிக்கிற பாட்டி, வழியில் உட்கார்ந்து, சுக்குக் காபி குடித்து, விடியற்காலம் முடிக்கிறாள். 'நீ லேட், உனக்குப் புண்ணியம் கிடையாது' என்று யாராவது சொல்கிறார்களா? (சிரிப்பு) எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டியதும் இல்லை. ஆனால் பாதை ஒன்று. வழியில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கம். எங்கே இருக்கிறோம், அடுத்து எது என்று நடக்கிறவருக்கே தெரியும்.

இதே மாதிரி வகுப்பறை ஒன்று நம் தமிழ்நாட்டில் நடந்தது ஐயா. செயல்வழிக் கற்றல். ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம் சுற்றியிருந்த சின்னச் சின்ன ஊர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்துவிட்டு, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியில் 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007-08-ல் மாநிலம் முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரைக்கும் வந்தது.

என்ன செய்தார்கள்? பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். சுவரில் ஏணிப்படி மாதிரி ஒரு படம். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம். பிள்ளை தன் படி எது என்று பார்த்து, அந்த அட்டையைத் தானே எடுத்து வரும். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். கரும்பலகை பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியர் முழுசாக உதவ வேண்டிய பிள்ளைகள் ஒரு வட்டம். கொஞ்சம் உதவினால் போதும் என்பவர்கள் இன்னொரு வட்டம். கூடப் படிக்கிற பிள்ளை சொல்லிக்கொடுத்தால் போதும் என்பவர்கள் வேறு வட்டம். தானே செய்துகொள்கிறவர்கள் தனி. ஆக, நாற்பது பாடம் இல்லை அண்ணே! ஒரே பாடம், படிகள் வேறு. ஆசிரியர் ஒருத்தர்தான், ஆனால் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பலர். (கைதட்டல்)

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. நிலக்கடலை பிடுங்குகிற சமயத்தில் ஒரு பிள்ளை பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை என்று வையுங்கள். பழைய வகுப்பில் அது திரும்பி வந்தால் பாடம் எங்கேயோ போயிருக்கும். ஒன்றும் புரியாது. புரியாத இடத்தில் யார் உட்காருவார்கள்? நாலு நாள் வந்து பார்த்துவிட்டு நின்றுவிடும். ஏணிப்படி இருக்கிற வகுப்பில், அது விட்ட படியிலேயே காலை வைக்கும். அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சொல்லுகிற வார்த்தை என்ன தெரியுமா? 'உன் இடம் அப்படியே இருக்கு, வா'.

குறையே இல்லையா என்றால், இருந்தது. அட்டை கிழிந்தது, தொலைந்தது. தேடுவதிலேயே நேரம் போனது. ஒரே ஆசிரியர் பல வகுப்பைப் பார்த்த இடத்தில் மூச்சு வாங்கியது. சில இடத்தில் அட்டைதான் நடந்ததே தவிரப் படிப்பு நடக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதையில் பள்ளம் இருந்தால் பள்ளத்தை மூட வேண்டுமா, கிரிவலத்தையே நிறுத்த வேண்டுமா? (கைதட்டல்)

அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஏறக்குறைய இருபது மாதம். ஒன்றாம் வகுப்பை வாசற்படியில்கூடப் பார்க்காத பிள்ளை, நேரே இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அப்போது யாராவது 'எல்லோருக்கும் ஒரே பாடம்' என்று ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதனால்தான் 2021-ல் இல்லம் தேடிக் கல்வி என்று தெருத்தெருவாகத் தன்னார்வலர்கள் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்பு வரை. அதில் பிள்ளைகளின் நிலைக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: அரும்பு, மொட்டு, மலர்.

முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று வைக்கவில்லை. அரும்பு மட்டமானதா? இல்லை. அரும்பு நாளைக்கு மொட்டு, மறுநாள் மலர். அரும்பை அடித்தால் மலருமா? விரலால் பிரித்து விட்டாலும் வாடித்தான் போகும். தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று, அரும்பு அரும்பாகவே இருந்துவிடக் கூடாது. 'நீ அரும்பு, அங்கேயே உட்கார்' என்று வருஷம் முழுக்க வைத்திருந்தால் அது அணுகுமுறை இல்லை, பூட்டு. படி என்பது ஏறுவதற்கு. (கைதட்டல்)

இந்த முறைக்கு வெளியூர்ச் சாட்சியும் இருக்கிறது. 2001-லிருந்து 2003 வரைக்கும் மும்பையிலும் வதோதராவிலும் 'பிரதம்' என்ற அமைப்பு ஒரு காரியம் செய்தது. மூன்றாம், நாலாம் வகுப்பில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்துப்போய், அதே வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு இளம்பெண் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். பால்சகி, அதாவது பிள்ளைகளின் தோழி என்று அவருக்குப் பெயர். அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் நன்றாக உயர்ந்தது. அதைச் சோதித்து அளந்தவர்களில் இரண்டு பேர் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும். 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினார்களே, அவர்கள்தான். பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காதே, எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து சொல்லிக்கொடு. பானர்ஜி சொன்னாலும் அதுதான், பவணந்தி சொன்னாலும் அதுதான். (பலத்த கைதட்டல்)

கண்டிப்பைப் பற்றி எதிரணி ரொம்பப் பெருமையாகப் பேசியது. 'இம்போசிஷன் எழுதித்தான் நாங்கள் ஆளானோம்' என்றார்கள். இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு இம்போசிஷனைப் பற்றிப் பேசலாமா ஐயா? 1896-ஆம் வருஷம். மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் வெங்கடராமன் என்று 16 வயதுப் பையன். ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்கவில்லை என்று மூன்று தடவை எழுதச் சொன்னார்கள். இரண்டு தடவை எழுதினான். மூன்றாவது தடவை பாதியிலே நோட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்பினான். ஆகஸ்ட் 29-ல் மதுரையை விட்டவன் செப்டம்பர் 1-ஆம் தேதி எங்கே வந்து சேர்ந்தான்? திருவண்ணாமலைக்கு! பகவான் ரமண மகரிஷி. (பலத்த கைதட்டல்)

'பார்த்தீர்களா, இம்போசிஷனால்தான் உங்களுக்கு ஒரு மகானே கிடைத்தார்' என்று அண்ணன் சிரிக்கிறார். அண்ணே, அவர் மனம் அதற்கு முன்பே வேறிடத்தில் லயித்துவிட்டது. அவர் கிளம்பினால் அருணாசலத்துக்கு வருவார். நம்ம வீட்டுப் பையன் இம்போசிஷனுக்குப் பயந்து கிளம்பினால் எங்கே போவான்? பெங்களூர் பஸ் ஏறி, ஓட்டலில் டேபிள் துடைப்பான்! (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனால் அப்படிப் போன பிள்ளைகள் இந்தச் சீமையில் இல்லையா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். (அமைதி)

கும்பகோணத்து ராமானுஜன் கணக்கில் சிங்கம். மற்றப் பாடத்தில் தேறவில்லை. அதனால் கல்லூரி உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னைக்கு வந்து எழுதியும் எஃப்.ஏ. தேர்வில் தேறவே இல்லை. ஒரே அளவுகோல் ராமானுஜனுக்குக் கொடுத்த சான்றிதழ் ஃபெயில். ஒரு ராமானுஜன் எப்படியோ தப்பிப் பிழைத்துக் கேம்பிரிட்ஜ் போனார். தப்பாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் கணக்கை யார் எழுதினார்கள்?

இன்றைக்கு அடி என்பது சட்டப்படியே குற்றம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், உடம்பை வருத்துகிற தண்டனையும் கூடாது, மனதை வருத்துகிற தண்டனையும் கூடாது என்கிறது. அந்த இரண்டாவதைக் கவனியுங்கள். 'எருமை', 'தண்டம்', 'உங்க அக்கா எப்படிப் படிச்சா தெரியுமா' என்பதெல்லாம் கணக்கில் வருகிறது. கட்டுப்பாடு வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. மணி அடித்தால் வர வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அடுத்தவன் பேசும்போது கேட்க வேண்டும். அது ஒழுங்கு, எல்லோருக்கும் பொது. ஆனால் ஒழுங்கு என்பது வேலி. வேலி போட்டால் ஆடு மேயாது, சரி. பயிர் வளர வேலி மட்டும் போதுமா? (கைதட்டல்)

ஆர்வம் எப்போது வரும்? 'என்னால் முடிந்தது' என்று ஒரு தடவை தோன்றினால் வரும். நூறு அறிவுரை செய்யாததை ஒரு சின்ன வெற்றி செய்யும். ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. டோமோயி என்று பெயர். பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. அங்கே படித்த டெட்சுகோ குரோயானகி 1981-ல் 'டோட்டோ-சான்' என்று புத்தகமாக எழுதினார். தமிழிலும் வந்திருக்கிறது. அங்கே தகாஹாஷி என்று ஒரு பையன். கை கால் குட்டை, இனி வளரமாட்டான். விளையாட்டு விழா வந்தது. வேறு பள்ளியாக இருந்தால் என்ன சொல்வார்கள்? 'பாவம், நீ உட்கார்ந்து கை தட்டு'. கொபயாஷி என்ற தலைமையாசிரியர் போட்டிகளையே மாற்றி வைத்தார். குறுகலான இடத்தில் நுழைந்து வெளியே வர வேண்டும், சின்னச் சின்னப் படிகளை ஒவ்வொன்றாக மிதித்து ஏற வேண்டும். நீளக் கால் உள்ளவர்கள் தடுமாறினார்கள். தகாஹாஷி பரிசுக்கு மேல் பரிசு வாங்கினான். பரிசு என்ன தெரியுமா? முள்ளங்கி, கீரை! (சிரிப்பு) அன்றைக்கு அந்தப் பையன் வீட்டுக்குக் கொண்டுபோனது முள்ளங்கியை இல்லை ஐயா, முதுகெலும்பை. (பலத்த கைதட்டல்)

அவனுக்காகப் பந்தயத்தில் பொய் சொல்லவில்லை, இரக்கப்பட்டு மார்க் போடவில்லை. அவன் ஓடியே ஜெயித்தான். ஓடுகிற பாதை மட்டும் அவன் கால் அறிந்து போடப்பட்டது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்திருக்கிறது. நம் பொதுத்தேர்விலே அந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுக்கிறார்கள், சொல்வதை எழுத ஆள் கொடுக்கிறார்கள். அது சலுகை இல்லை ஐயா. கண் தெரியாதவருக்குக் கண்ணாடி சலுகையா?

ஆசிரியப் பெருமக்களுக்காகவும் ஒரு வார்த்தை. 60 பிள்ளைகள் வரைக்கும் உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்றுதான் அந்தக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. இரண்டு பேர், ஐந்து வகுப்பு. ஒருவர் லீவு போட்டால் ஒருவர், ஐந்து வகுப்பு. அவரே பதிவேடும் எழுத வேண்டும், செல்போனில் விவரமும் ஏற்ற வேண்டும். ஆளுக்கேற்ற அணுகுமுறை பிள்ளைக்கு மட்டும் இல்லை, ஆசிரியருக்கும் வேண்டும். அவர் கையிலிருக்கிற பேப்பரைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கொடுங்கள். எப்படி அரவணைக்கிறார் என்று பாருங்கள். (ஆசிரியர்கள் பகுதியிலிருந்து பலத்த கைதட்டல்)

நமக்கும் வேலை இருக்கிறது. 1968-ல் ரோசந்தால், ஜேக்கப்சன் என்று இரண்டு பேர் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளை எடுத்து, 'இவர்கள் இந்த வருஷம் பிரமாதமாக வருவார்கள், பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டோம்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வருஷக் கடைசியில் பார்த்தால், முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். அவ்வளவு பெரிய வித்தியாசம் வருமா என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். வாதாடட்டும். 'உன்னால் முடியும்' என்று பார்க்கிற கண்ணுக்கும், 'நீ எங்கே உருப்படப்போறே' என்று பார்க்கிற கண்ணுக்கும் வித்தியாசம் உண்டு என்பதற்கு நமக்கு அமெரிக்கா வேண்டுமா? நம்ம வீட்டிலேயே தெரியாதா?

அதனால் தாய்மார்களே, பள்ளிக்கூடத்துக்குப் போனால் 'எத்தனாவது ரேங்க்?' என்று கேட்காதீர்கள். 'என் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான்? அடுத்த படிக்கு நான் என்ன செய்யணும்?' என்று கேளுங்கள். எட்டிப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். படிக்கச் சொன்னால் வயிற்று வலி வருகிற பிள்ளையை அடிக்கு முன்னால் விசாரியுங்கள்.

நடுவர் அவர்களே! கார்த்திகைத் தீபத்தன்று மலைமேல் ஏற்றுவது ஒரே கொப்பரைதான், ஒரே ஜோதிதான். ஆனால் நம் வீட்டு வாசலில் ஏற்றுகிற அகல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தானே பார்க்கிறோம்? இதற்கு எண்ணெய் குறைகிறதா, அதற்குத் திரி அடங்குகிறதா, இது காற்றில் அணையப்பார்க்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் கை மறைத்து, திரி தூண்டி விடுகிறோம். 'எல்லா விளக்குக்கும் ஒரே அளவுதான் ஊற்றினேன், அணைந்தது அதன் விதி' என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். (பலத்த கைதட்டல்)

விளக்குக்குக் காட்டுகிற அக்கறையைப் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா? கடைசி பெஞ்சில் ஒரு திரி அடங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தூண்டப்போகிறோமா, ஊதப்போகிறோமா என்பதுதான் இன்றைய கேள்வி. பலதரப்பட்ட பிள்ளைகளின் வகுப்பறையில் ஆர்வத்தை வளர்ப்பது ஆளுக்கேற்ற அணுகுமுறையே, அணுகுமுறையே என்று நல்லதொரு தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)